தறியினின்று இறங்கிய பின்

காஞ்சி மாநகரின் தென்மேற்கே வேகவதி யாற்றை ஒட்டி அமைந்த சிற்றூர் திருப்பருத்திக்குன்றம். ஊரின் பெயரில் இருப்பது பருத்தி. ஊர்த் தறிகளில் ஓடுவதோ பட்டு. சமண சமயத்தார் ஜினகாஞ்சி எனப் போற்றும் இவ்வூரில், திரைலோக்கியநாதர் திருக்கோயிலினுள்ளே குரா மரம் ஒன்று உண்டு. அம்மரம் வளர்வதும் இல்லை, குறுகுவதும் இல்லை, என்றும் தன் அளவிலேயே நிற்கிறது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அக்கருத்துடைய செய்யுள் ஒன்றும் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. தாவர நூல் வல்லார் இதனை ஏற்கமாட்டார்கள், அது கிடக்கட்டும். முதுமையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அம்மரமே என் நினைவிற்கு வருகிறது. வேலை, உணவு, ஓய்வு ஆகிய மூன்றையும் தம் அளவு அறிந்து வைத்துக்கொண்ட முதியோர் பலரை நம் தெருக்களில் காண்கிறோம். அந்த அளவைப் பிள்ளைகளே கெடுத்துவிட்ட முதியவர் ஒருவரை நான் என் வீட்டிலேயே கண்டேன். அதனை முதலிற் சொல்லிவிடுவதே முறை.

என் தந்தையார் பதினான்காம் வயதில் தறியில் அமர்ந்தவர். அறுபத்தெட்டாம் வயதில் கண்ணிற் புரை படர்ந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. பிள்ளைகள் மூவரும் கலந்து பேசினோம். அவர் தம் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்த வாரத்தில் தறியைப் பிரித்து அடுக்கிவிட்டு, குழியை மண்ணிட்டு மூடிச் சிமெண்டும் பூசிவிட்டோம். "இனியாவது அப்பா ஓய்வாக இருக்கட்டும்" என்பதே எங்கள் எண்ணம். திரும்பி வந்தவர் அந்த இடத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கை கால் கழுவிக்கொண்டு திண்ணையிற் போய் அமர்ந்தார்.

ஆறு திங்களில் அவர் உறக்கம் குறைந்தது, உணவு குறைந்தது, சினம் மிகுந்தது. மணி என்ன, மணி என்ன என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். தறியில் இருந்தவரை அவருக்குக் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை. சர்க்கரை அளவு ஏறியது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "பகலில் என்ன செய்கிறார்?" என்று அவர் கேட்டார். "ஒரு வேலையும் அவருக்கு வைப்பதில்லை ஐயா" என்று என் அண்ணன் பெருமையோடு விடை கூறினார். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு எங்கள் மூவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இது ஒரு வீட்டின் செய்தி அன்று. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியர் ஒருவரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே; இன்று அது 70ஐ எட்டிவிட்டது. 2011ஆம் ஆண்டின் மக்கட்டொகைக் கணக்கின்படி நம் நாட்டில் 60 வயதை எய்தியோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அவ்வயதினர். நம் முன்னோர்க்கு வாய்க்காத பதினைந்து இருபது ஆண்டுகள் நமக்கு வாய்த்திருக்கின்றன. அவற்றை எங்கே வைத்து வாழ்வது என்பதைத்தான் நாம் இன்னும் முடிவு செய்யவில்லை.

குழியும் உடலும்

நெசவாளரின் உடல் எவ்வாறு முதுமை அடைகிறது என்பதை அறியக் குழித்தறியைப் பார்த்தாலே போதும். தரையோடு தரையாக அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதியை மாறிமாறி மிதித்து, கைகளால் நாடாவை ஓட்டுகிறோம். உடலின் மேற்பாகம் முன்னே சாய்கிறது. கழுத்து குனிந்தே இருக்கிறது. கண் ஓரிடத்தை விட்டு அகல்வதில்லை. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இவ்வாறு நாற்பது ஆண்டு இருந்தால் இடுப்பும் கழுத்தும் முழங்காலும் தம் குறையைச் சொல்லத்தானே செய்யும்? உழுதொழில் செய்வார்க்கு வேறு குறைகள் உண்டு. வெயில், நாற்று நடும் குனிவு, பூச்சிமருந்தின் கேடு ஆகியவை அவர்களைத் தாக்குகின்றன. ஆயினும் அவர்கள் நடக்கிறார்கள். வரப்பில் நாலு முறை போய்வருகிறார்கள். நெசவாளரோ உழைத்துக் களைத்த நாளிலும் நூறு அடி நடந்திருக்கமாட்டார். உழைப்பும் நடையும் ஒன்றல்ல என்பதை நம்மவர் பலர் உணர்வதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள் முதியோர்க்கு வாரம் ஒன்றுக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கின்றன. நாள் ஒன்றுக்கு அரை மணிக்கும் குறைவான விரைநடைதான் அது. காலையில் வேகவதிக் கரைவரை நடந்து திரும்பினாலே கணக்குத் தீர்ந்தது. அதனோடு, உடலின் நிலை தடுமாறாதிருக்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளேனும் செய்ய வேண்டும் என்றும் அந்நெறிமுறைகள் வற்புறுத்துகின்றன. இதனை நம்மவர் அலட்சியம் செய்யலாகாது. குழியிலிருந்து எழும்போதுதான் முதிய நெசவாளர் பலர் தடுமாறுகின்றனர். நெடுநேரம் தொங்கிய கால் மரத்திருக்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எலும்பு வலுக்குன்றிய வயதில் ஒரு வீழ்ச்சி இடுப்பெலும்பை முறித்துவிடும். அப்படிப் படுத்தவர் பழைய நடைக்குத் திரும்புவது அரிது. குழியின் விளிம்பில் ஒரு கைப்பிடிக் கட்டை அறைந்துகொள்வதற்கு எவ்வளவு செலவாகும்? காலை மேலே எடுத்து நீட்டி, இரண்டு நிமிடம் அமர்ந்து, கட்டையைப் பற்றிக்கொண்டு எழுதல் வேண்டும். மணிக்கொரு முறை இவ்வாறு எழுந்து பத்தடி நடந்தால் இடுப்புக்கும் நன்று, கால் வீக்கத்திற்கும் நன்று. எழ வேண்டியிருக்குமே என்று அஞ்சித் தண்ணீர் அருந்தாமலே தறியில் இருப்பார் சிலர் உண்டு. அப்பழக்கத்தை இன்றே விட்டொழிக்க வேண்டும்.

கழுத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகரத்து அமைச்சர் இருகப்பர் தம் ஆசிரியர் புஷ்பசேன முனிவரின் சொற்படி 1387ஆம் ஆண்டையொட்டிக் கட்டுவித்தார். அதன் விதானம் முழுதும் தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக எழுதப்பட்டுள்ளன. அண்ணாந்தாலன்றி அவற்றைக் காண இயலாது. பகலெல்லாம் குனிந்தே இருக்கும் நம் தெருவார் வாரம் ஒருமுறை அங்கே சென்று கால் மணி நேரம் மேலே நோக்கி நிற்கலாம். கழுத்தை மெல்லத் தளர்த்துவதற்கு இதைவிட இன்பமான பயிற்சியை நான் அறியேன். தலைசுற்றல் உடையவர்கள் மட்டும் தூணைப் பிடித்துக்கொள்க.

கண்ணைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. புரை விழுந்தால் அறுவை செய்துகொள்வதே வழி. சொட்டு மருந்தால் புரை கரையும் என்று சொல்வாரை நம்பிக் காலம் கடத்தற்க. சர்க்கரை நோயுடையார் ஆண்டுக்கொரு முறையாவது விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். புரை நீங்கினால் பார்வை திரும்பும்; சர்க்கரையால் விழித்திரை கெட்டால் போன பார்வையை மீட்பது மிகக் கடினம். 2023ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு இந்நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டென்று மதிப்பிட்டது. அமர்ந்து செய்யும் தொழிலாளராகிய நாம் அதில் நம் பங்கைப் பெறாதிருப்போமா? இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொணர்ந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. மாத்திரை வந்தால் மட்டும் போதாது. அதனை நாள் தவறாமல் உட்கொள்ளவும் வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதென்று இடையில் நிறுத்திவிடுவோரே பெரும்பாலும் துன்புறுகின்றனர்.

உணவில் உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது. அஃதாவது, அப்பளம் ஊறுகாய் அனைத்தும் உட்பட ஒரு சிறு கரண்டி. சோற்றைக் குறைத்துப் பருப்பு, பயறு, கீரை, முட்டை உண்போர் முட்டை எனக் கூட்டிக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏறத் தசை கரைவதால் அதற்கு ஈடு செய்யும் உணவு இன்றியமையாதது. வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கத்தைப் பற்றி ஒரே சொல்தான்: விடுக. திருப்பருத்திக்குன்றத்துச் சமணப் பெருமக்களின் நோன்பு ஒன்று நமக்கும் பயன்படும். கதிரவன் மறைந்தபின் அவர்கள் உண்பதில்லை. அவர்கள் அதனைக் கொல்லாமை கருதிக் கைக்கொண்டனர். மற்றவர்கள் வயிற்றைக் கருதியேனும், உறங்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே உணவை முடித்துக்கொள்ளலாம்.

இருவர் வரலாறு

உடலைப் பேணுதல் பாதி வேலையே. பேணிய உடலைக்கொண்டு என்ன செய்வது என்னும் வினாவிற்கு நம் நாட்டிலேயே இருவர் விடை கூறியிருக்கின்றனர்.

ஒருவர் மதுரை மருத்துவர் கோ. வேங்கடசாமி. 1918ஆம் ஆண்டு பிறந்த இவரை இளமையிலேயே முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணி விறைத்துவிட்டன. அவ்விரல்களைக்கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, கண்ணிற் புரை நீக்கும் அறுவையில் வல்லவரானார். ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட கண்களுக்கு அவர் கைகளே அறுவை செய்தன. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58ஆம் வயதில், 1976ஆம் ஆண்டு, 11 படுக்கைகளோடு அரவிந்தக் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அது உலகப் புகழ் பெற்ற நிலையம். 2006இல் அவர் மறையும் வரை அப்பணியே அவர் மூச்சாக இருந்தது. மற்றவர் சாய்வு நாற்காலி தேடும் வயதில் அவர் தம் பெருவேலையைத் தொடங்கினார். அதற்கு முன்னமே தம் உடலின் குறைக்கேற்பக் கருவி பிடிக்கும் முறையை மாற்றிக்கொண்டிருந்தார் என்பதே நமக்கு மிகவும் வேண்டிய செய்தி.

மற்றவர் கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் அம்மையார். பெற்றோரை இளமையில் இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பட்டவர். மளிகைக் கடை நடத்திச் சேர்த்த பொருளில் நிலம் வாங்கியவர். நூறு வயதைக் கடந்தும் தமக்கிருந்த இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையிற் பயிர் செய்தார். 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 2024 செப்டம்பரில் காலமானார். பத்து ஏக்கர் வைத்திருந்தவர் முதுமையில் இரண்டரை ஏக்கரளவில் நின்றார் என்பதை உழவர் பெருமக்கள் கருத்திற் கொள்ள வேண்டும். நிலத்தைக் குறைத்தார், நிலத்திற்குப் போவதை நிறுத்தவில்லை.

பக்கத்துணை

இனி நம் தொழிலுக்கு வருவோம். தறியினின்று இறங்கிய முதியவர்க்கு அளவான வேலை எங்கே உளது?

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பாகிய கோர்வைச் சேலை ஒருவரால் நெய்யப்படுவதன்று. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவரோடு பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை வாங்கித் தர வேண்டும். முற்காலத்தில் அந்த இடத்தில் சிறுவர்களை அமர்த்தினர். பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளின் படிப்பை அப்பலகை தின்றது. அந்தப் பழி நம் தொழிலுக்கு உண்டென்பதை மறைத்துப் பயனில்லை. அவர்கள் எழுந்து பள்ளி சென்றது நன்றே. ஆனால் பக்கத்துணை கிடைக்காமையால் கோர்வையை விட்டு எளிய நெசவிற்கு மாறிய தறிகள் பல. ஒரு புறம் துணையின்றித் தறி நிற்கிறது. மறுபுறம் நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள கைகள் திண்ணையில் வெறுமனே கிடக்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பது சங்கத்தின் கடமை அன்றோ?

பக்கத்துணைக்கு மிதி மிதிக்கும் வேலை இல்லை. நாள் முழுதும் இருக்க வேண்டுவதுமில்லை. முதியவர் இருவர் காலையும் மாலையுமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். தார் சுற்றுதல், இழை முடிதல், தெருவில் பாவு விரிக்கும் விடியற்காலையில் இழை ஓட்டத்தைப் பார்த்துச் சொல்லுதல் ஆகியனவும் உண்டு. அடை கட்டும் முறை அறிந்தோர் இன்று எத்தனை பேர்? ஜக்கார்டுப் பெட்டி வந்தபின் அந்த அறிவு முதியோர் சிலரிடமே தங்கிவிட்டது. அவர்களோடு அது மறையுமுன் இளையோர் இருவரையாவது பக்கத்தில் அமர்த்திக் கற்பிக்கச் செய்தல் வேண்டும்.

ஆனால் கூலி? இங்கேதான் இடர்ப்பாடு. சேலைக்கு இவ்வளவு என்று நெய்பவர்க்குக் கூலி கணக்கிடப்படுகிறது. பக்கத்துணைக்கு அவரே தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். வீட்டு முதியவரானால் கொடுப்பதும் இல்லை. "தாத்தாவிற்கு எதற்குப் பணம்?" என்று கேட்பவர்கள் உண்டு. தாம் ஈட்டியதில் பேரப்பிள்ளைக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுக்கும் முதியவரின் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை போலும். கோர்வைச் சேலையின் கூலியிலேயே பக்கத்துணையின் பங்கைத் தனியே பிரித்து, அவர் பெயரில் சங்கக் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.

இது புதுமையன்று. ஜப்பான் நாட்டில், டோக்கியோவில் 1975ஆம் ஆண்டு தொடங்கி, 60 வயது கடந்தோர்க்கு இலகுவான, குறைந்த நேர வேலைகளைப் பங்கிட்டு வழங்கும் முதியோர் நிலையங்கள் நாடெங்கும் பரவியுள்ளன. அந்நாட்டின் ஒகினாவாத் தீவில், முதியோர் சிலர் கூடி மாதந்தோறும் சிறு தொகை போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்ளும் 'மோவாய்' என்னும் கூட்டங்கள் உண்டு. நம் சீட்டுத்தான் அது! பணத்தைவிட, யாராவது ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர்கள் வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அதன் பெரும்பயன். காஞ்சிக்கு இதனைக் கற்பிக்க எவரும் வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவானது இந்தக் காஞ்சிபுரத்தில்தான்.

இளைய அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் நம் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிக்கப்படுகிறது. அரசு 4 காசு சேர்க்கிறது. அதனைப் பிடித்தம் என்று முணுமுணுக்கிறோம். அது நம் அறுபதாம் வயதிற்கு நாமே நெய்து வைக்கும் துணி. கணக்குப் புத்தகத்தை ஆண்டுக்கொரு முறையாவது வாங்கிப் பார்க்க வேண்டும். வாரிசுதாரர் பெயர் சரியாக உள்ளதா என்றும் நோக்க வேண்டும். 60 வயது நிறைந்த நெசவாளர்க்குரிய ஓய்வூதியத்திற்கு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் இருக்கும் முதியவர் உங்கள் தெருவில் இருந்தால், ஒரு மாலைப்பொழுதை அவருக்காக ஒதுக்குக.

என் தந்தையாரின் செய்தியை இடையில் விட்டுவிட்டேன். மருத்துவரைக் கண்ட மறு மாதம் எதிர்வீட்டு இளைஞர் வந்தார். கரையில் ஓர் இழை மீண்டும் மீண்டும் பிழைபடுகிறது, காரணம் தெரியவில்லை என்றார். "பெரியப்பா ஒருமுறை வந்து பார்க்கவேண்டும்" என்று அழைத்தார். தந்தையார் எழுந்து போனார். புரை படர்ந்த கண்ணால் ஒன்றும் தெரியவில்லை; விரலால் தடவியே எந்த விழுதில் குற்றம் என்று சொல்லிவிட்டார். அன்று இரவு அவரே வாய்திறந்து, "கண்ணை அறுவை செய்துகொள்ளலாமா?" என்று கேட்டார். அதற்கு முன் ஓராண்டாக நாங்கள் கெஞ்சியும் இணங்காதவர் அவர்.

கண் தெளிந்தபின் காலை இரண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் எதிர்வீட்டுத் தறியில் பக்கத்துணையாக அமர்ந்தார். அங்கே குழியின் ஓரத்தில் கைப்பிடிக் கட்டையை என் அண்ணனே கொண்டுபோய் அறைந்தார். சர்க்கரை முழுதும் தீர்ந்துவிடவில்லை. முழங்கால் வலியும் போகவில்லை. மணி என்ன என்று கேட்பது மட்டும் நின்றுவிட்டது. எழுபத்தொன்பதாம் வயதில், இரண்டு நாட் காய்ச்சலில் காலமானார். அதற்கு முந்திய வாரம் வரை அவர் அங்கே போய்வந்துகொண்டிருந்தார்.

பக்கத்துணையின் கூலிப் பங்கைத் தனியே எழுதும் பொருளை வரும் பேரவைக் கூட்டத்தில் முன்வைக்க விரும்புகிறேன். கோர்வைத் தறி உடைய அங்கத்தினர்கள் தம் தறிக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரத் துணை வேண்டும் என்பதையும், வீட்டிலோ தெருவிலோ அதற்கு இசையும் முதியவர் உளரா என்பதையும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், கணக்கோடு பேச வசதியாக இருக்கும்.